சனிக்கிழமைச் சம்பளமும் இருபத்தெட்டு நாளும்

கணியூர் என்றதும் கோவை நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி இருக்கிற கணியூர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்வது இன்னொரு கணியூர். மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதிப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் விளைகிற சின்னப் பேரூராட்சி. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவையிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தது. வயலை நம்பிய ஊர்தான் என்றாலும், விடிகாலையில் மில் வேனும் பனியன் கம்பெனி வேனும் வந்து ஆளேற்றிப் போவது பழகிப்போன காட்சி. திருப்பூர்ப் பக்கம் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வரும். அன்று இரவு மளிகைக் கடையில் எவ்வளவு கூட்டமோ, கிட்டத்தட்ட அதே அளவு கூட்டம் ரீசார்ஜ் கடையிலும் நிற்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, என் சிம்முக்குப் பணம் போட நின்றபோது எனக்கு முன்னால் வேனிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண். கையில் சாப்பாட்டுப் பை, துப்பட்டாவில் பஞ்சுத் தூசி.

“அம்மா போனுக்குப் போடணுங்ணா. பட்டன் போனு. நெட்டெல்லாம் வேண்டாம், பேசினாப் போதும்.”

“நூத்தித் தொண்ணூத்தொம்போதுங்க அக்கா. அதுக்குக் கீழ போட்டா நிக்காது.”

“போன தடவ போட்டு ஒரு மாசங்கூட ஆகலீங்களே?”

“மாசம் இல்லீங்க, இருவத்தெட்டு நாளு.”

அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கணக்கு விடவில்லை. வருடத்துக்கு 365 நாள். இருபத்தெட்டால் வகுத்தால் பதின்மூன்று தடவை. மாதம் பன்னிரண்டு, ரீசார்ஜ் பதின்மூன்று. 199 ரூபாய் வீதம் 2,587 ரூபாய். அந்த அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் ஆயிரம் வீதம் வருகிற பன்னிரண்டாயிரத்தில் இரண்டரை மாதத் தொகை, பணம் வந்த செய்தியைக் காட்டுகிற போனை உயிரோடு வைத்திருக்கவே போய்விடுகிறது. அந்தப் பட்டன் போனில் திறக்கவே முடியாத இணையத்துக்கும் சேர்த்துத்தான் இந்த விலை.

செல்போன் சந்தையில் அரசு எவ்வளவு தலையிட வேண்டும் என்ற கேள்விக்குப் பொருளாதாரப் புத்தகங்களில் இரண்டு விடைகள் உண்டு. சந்தையை விட்டுவிடுங்கள், போட்டியே விலையை இறக்கும் என்பது ஒன்று. அலைக்கற்றை பொதுச்சொத்து, தொடர்பு அடிப்படைத் தேவை, ஆகவே கட்டுப்படுத்துங்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் நம் நாட்டில் நடந்ததை முழுதாக விளக்க முடியாது. இங்கே அரசு கொஞ்சமாகத் தலையிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தலையீடு பெரும்பாலும் கஜானாவுக்குப் பணம் வருகிற வாசலிலேயே நின்றது. கடைக்கார அண்ணனின் மேசைப் பக்கம் வரும்போது கை தளர்ந்துவிட்டது.

சந்தை செய்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் காலத்தில் நெரிசல் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். வருகிற அழைப்புக்கும் காசு. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுக்காமல் விடுவதும், மிஸ்டு கால் கொடுப்பதும் ஒரு தலைமுறையின் பழக்கமானது அப்படித்தான். அங்கிருந்து 2009க்கு வாருங்கள். டாடா டோகோமோ ஒரு விநாடிக்கு ஒரு பைசா என்று வந்தது. அதுவரை நிமிடக் கணக்கில் வசூலித்துக்கொண்டிருந்த மற்றவர்களும் சில மாதங்களில் அதே வழிக்கு வந்தார்கள். இதை எந்த ஆணையமும் உத்தரவிடவில்லை. புதிதாக வந்த ஒருவனுக்கு வாடிக்கையாளர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். பத்து ரூபாய் டாப்-அப், ரேட் கட்டர், ஃபுல் டாக்டைம் என்று பெட்டிக்கடைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்த தாள்கள் அந்தப் போட்டியின் பிள்ளைகள். வாரச் சம்பளக்காரருக்கு அவை பொருத்தமாகவும் இருந்தன: இந்த வாரம் பத்து, அடுத்த வாரம் இருபது.

ஆனால் அந்தப் போட்டி வெறும் மண்ணில் முளைக்கவில்லை. செல்போன் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. கணியூரில் இருக்கும் அம்மாவை நான் எந்த சிம்மிலிருந்து கூப்பிட்டாலும், கடைசியில் அழைப்பு அம்மாவின் கம்பெனி வழியாகத்தான் அவர் காதுக்குப் போக வேண்டும். அந்தக் கடைசி வாசலுக்கு அந்தக் கம்பெனி மட்டுமே காவல்காரன். எத்தனை கம்பெனிகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் வாடிக்கையாளரை எட்டும் பாதையில் தனியுரிமை உடையது. அந்த வாசலுக்கு எவ்வளவு வாடகை என்பதைக் கம்பெனிகளின் பேரத்துக்கே விட்டிருந்தால், பெரியவன் சின்னவனை மூச்சுத் திணற வைத்திருப்பான். 1997இல் சட்டத்தின் மூலம் உருவான தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், இங்கேதான் கையை வைத்தது. 2003 மே முதல் வருகிற அழைப்புக்குக் காசில்லை. கூப்பிடுகிறவரின் கம்பெனி, ஆணையம் நிர்ணயித்த இணைப்புக் கட்டணத்தை மறு கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்றானது. கறிக்கடைக்காரரும் தறிக்காரரும் போன் வாங்கத் துணிந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் கட்டணம் நிமிடத்துக்கு 14 பைசா, 2017இல் 6 பைசா என்று இறங்கி, 2021 ஜனவரியில் இல்லாமலே போனது. கடையில் விற்கும் விலையைச் சந்தை தீர்மானித்தது. அதற்கு அடியில் ஓடிய குழாயின் விலையை ஆணையம் தீர்மானித்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் விலை இறங்கியது. சந்தையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

கொங்குப் பகுதியில் இந்தப் பேச்சை ஏர்செல்லைத் தொடாமல் முடிக்க முடியாது.

1999இல் சி. சிவசங்கரன் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி அது. 2006இல் மலேசியாவின் மேக்சிஸ் பெரும்பங்கை வாங்கியது. 2010இல் தன்னிடமிருந்த 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற கம்பெனிக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டு, அதே டவர்களில் வாடகைக்குக் குடியிருக்கத் தொடங்கியது. திருப்பூரில் மெஷினை விற்றுவிட்டுக் கூலிக்கு ஓட்டிக்கொடுக்கும் யூனிட்காரருக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும்: ஆர்டர் ஓடும்வரை நிம்மதி, ஒரு மாத வாடகை நின்றால் கதை முடிந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சும் இணையமும் மாதக்கணக்கில் இலவசம் என்றது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைய ஏர்செல் போட்ட திட்டம் 2017 அக்டோபரில் முறிந்தது. தலையில் சுமார் 15,500 கோடி ரூபாய் கடன். 2018 ஜனவரி இறுதியில் ஆறு தொலைத்தொடர்பு வட்டங்களில் கடையை மூடியது. பிப்ரவரி மூன்றாம் வாரம் தமிழ்நாட்டிலும் டவர்கள் வரிசையாக அணைந்தன. வாடகை பாக்கித் தகராறில் டவர் கம்பெனி இணைப்பைத் துண்டித்ததே காரணம்.

கோவையிலும் சென்னையிலும் ஏர்செல் அலுவலகங்களின் முன்னால் கூட்டம் திரண்டது. எண்ணைக் கைவிட முடியாதவர்கள் அவர்கள். ஆதார், வங்கி, கேஸ் புக்கிங், பி.எஃப். எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனிக்காரர் கூப்பிடுவதும் அதே எண்ணுக்கு. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருந்ததே, போர்ட் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்கலாம். சிக்கல் அங்கேதான். போர்ட் என்று தட்டி 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பதிலாக எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதைக் கொண்டுபோய்ப் புதுக் கம்பெனியில் கொடுக்க வேண்டும். குறுஞ்செய்தி போகவும் வரவும் சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே போகிறோம்? வீடு எரிகிறது, வெளியே போகும் கதவின் சாவி எரிகிற அறைக்குள் இருக்கிறது.

ட்ராய் தலையிட்டது. மார்ச் முதல் தேதி வாக்கில் வந்த உத்தரவின்படி, அப்போது வழக்கமாகப் பதினைந்து நாளே செல்லுபடியான அந்தக் குறியீடு ஏப்ரல் 15 வரை செல்லும் என்றானது. பயனுள்ள உத்தரவு. ஆனால் கம்பெனி திவால் மனுவோடு மும்பைத் தீர்ப்பாயத்துக்குப் போன அதே நாட்களில் வந்த உத்தரவு. ஆறு வட்டங்களில் மூடிய கம்பெனி ஏழாவதிலும் மூடக்கூடும் என்று ஊகிக்கத் தனி ஆணையம் தேவையில்லை. வங்கி முழுகினால் போட்ட பணத்துக்கு ஒரு வரம்பு வரை காப்பீடு உண்டு. செல்போன் கம்பெனி முழுகினால் சிம்மில் கிடந்த பேலன்ஸுக்கு யார் பொறுப்பு? சின்னத் தொகைதான், கோடிக்கணக்கான சிம்மில் கிடக்கிற சின்னத் தொகை.

இதே கதவை வேறு விதமாகச் சாத்துவதும் நடந்தது. விலை குறைந்த சில திட்டங்களில் வெளியே குறுஞ்செய்தி அனுப்பும் வசதியே இருக்கவில்லை. அதனால் போர்ட் போடும் குறுஞ்செய்தியையும் அனுப்ப முடியவில்லை. வெளியேற வேண்டுமென்றால் முதலில் பெரிய ரீசார்ஜ் போட வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் ட்ராய் ஒரே பக்கத்தில் சொல்லக்கூடிய உத்தரவு ஒன்றைப் போட்டது: எந்த விலைத் திட்டத்தில் இருந்தாலும் போர்ட் குறுஞ்செய்தி போக வேண்டும். செலவில்லாத, விலையைத் தொடாத, யாருடைய தொழிலையும் கெடுக்காத ஒழுங்குமுறை. என் பார்வையில் இந்தச் சந்தையில் அரசு செய்ய வேண்டியதில் பாதி இந்த வகை வேலைதான். வெளியேறும் கதவு எண்ணெய் போட்டபடி இருந்தால், உள்ளே விலை என்ன என்று அரசு எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மறுபக்கம், கஜானா வாசலில் நடந்ததைப் பார்ப்போம். 1994 கொள்கையின்படி உரிமங்கள் ஏலம் போனபோது கம்பெனிகள் கண்மண் தெரியாமல் கேட்டு, ஒப்புக்கொண்ட தொகையைக் கட்ட முடியாமல் திணறின. 1999இல் புதுக் கொள்கை அவற்றைக் காப்பாற்றியது: நிலையான தொகைக்குப் பதிலாக வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். நல்ல ஏற்பாடுதான். வருமானம் என்றால் எது என்பதில் தகராறு வந்தது. சிம் விற்றதும் பேச்சுக்கு வாங்கியதும் வருமானம், சரி. வங்கியில் போட்ட பணத்துக்கு வந்த வட்டி? வாடகை? பழைய சாமானை விற்ற காசு? எல்லாம் சேரும் என்றது தொலைத்தொடர்புத் துறை. வழக்கு பதினைந்து வருடத்துக்கு மேல் நடந்து, 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்துச் சுமார் 1.47 லட்சம் கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அசல் கூட இல்லை. வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி.

இதைப் படிக்கும் திருப்பூர்க்காரருக்கு 2011 ஜனவரி நினைவுக்கு வராமல் இருக்காது. சாயக்கழிவு நொய்யலில் ஓடுவதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஒரேயடியாக மூடச் சொன்ன மாதம் அது. உத்தரவில் தவறில்லை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டிய நீதி. தவறு முந்தைய வருடங்களில் இருந்தது. நேரத்தில் செய்யாத ஒழுங்குமுறை, கடைசியில் சம்மட்டியாக இறங்கும். அப்போது அடி படுகிறவர் பட்டறை முதலாளி மட்டுமா? அங்கே கூலிக்கு நின்றவரும்தான்.

2ஜி விவகாரத்தை விரித்து எழுத இங்கே இடமில்லை, எழுதாத பத்திரிகையும் இல்லை. 2008 ஜனவரியில் 2001ஆம் ஆண்டு விலையில், நாடு தழுவிய உரிமம் ஒன்று 1,658 கோடி ரூபாய் வீதம், 122 உரிமங்கள் கொடுக்கப்பட்டன. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா உள்ளிட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த விவகாரத்துக்குப் பிறகு, அலைக்கற்றையை அதிக விலைக்கு விற்பதே நேர்மை என்ற எண்ணம் நாட்டில் பதிந்துவிட்டது. 2010இல் 3ஜி ஏலம் மட்டும் 67,719 கோடி. 2022இல் 5ஜி ஏலம் ஒன்றரை லட்சம் கோடி. ஏலம் வெளிப்படையானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டத் தெம்புள்ளவர்களே களத்தில் மிஞ்சுவார்கள். ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்த நாட்டில் இன்று தனியார் மூன்றே. வாடிக்கையாளர்களில் நான்கில் சுமார் மூன்று பேர் இரண்டு கம்பெனிகளிடம்.

மூன்றாவதான வோடஃபோன் ஐடியாவின் நிலை வேடிக்கையானது. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி முற்றி, 2023இல் வட்டிப் பாக்கியைப் பங்காக மாற்றினார்கள். 2025இல் இன்னும் 36,950 கோடி ரூபாயைப் பங்காக மாற்றினார்கள். இப்போது அதில் மத்திய அரசின் பங்கு கிட்டத்தட்ட 49 சதவீதம். பிஎஸ்என்எல் முழுக்க அரசுடையது. அலைக்கற்றையை ஏலம் விடுவது அரசு. உரிமம் கொடுப்பதும் கம்பெனிகளின் வருமானத்தில் பங்கு வாங்குவதும் அரசு. ட்ராய் உறுப்பினர்களை நியமிப்பதும் அரசு. கபடி ஆட்டத்தில் மைதானச் சொந்தக்காரரே நடுவரை அமர்த்தி, ஒரு அணியை நடத்தி, இன்னொரு அணியில் பாதிப் பங்கும் வைத்திருப்பது போல. முதல் ட்ராய் அமைப்பு அரசோடு முட்டிக்கொண்டபோது 2000 ஜனவரியில் அவசரச் சட்டம் போட்டு அதையே கலைத்துப் புதிதாக அமைத்தார்கள். அந்த நினைவு ஆணையத்தின் எலும்பில் இன்னும் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

இரண்டு பேர் கையில் சந்தை வந்துவிட்டால், ஒருவர் விலையை ஏற்றும்போது மற்றவர் இறக்கத் தேவையில்லை. கொஞ்சம் தள்ளி நின்று தானும் ஏற்றினால் போதும். 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று மூன்று முறையும் தனியார் கம்பெனிகள் சில நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றின. கூடிப் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. கூடிப் பேசத் தேவையில்லாத அளவுக்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறேன். 2024இல் பிஎஸ்என்எல் ஏற்றாமல் இருந்தபோது, டவர் கிடைக்காத கம்பெனி என்று பெயரெடுத்த அதற்கே சில மாதங்கள் வாடிக்கையாளர்கள் போர்ட் போட்டு வந்தார்கள். போக இடம் இருந்தால் போகத்தான் செய்வார்கள்.

இந்த நிலையில் விலையைத் தொடமாட்டேன் என்று ஆணையம் கையைக் கட்டிக்கொள்வது பொருந்துமா? பத்துக் கம்பெனி இருந்த காலத்தின் கொள்கை அது. 2024 டிசம்பர் 23 அன்று ட்ராய் கொஞ்சம் கையை அவிழ்த்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்றது. கணியூர் அம்மாவின் பட்டன் போனுக்காகவே போட்ட உத்தரவு போலத் தெரிந்தது. ஜனவரியில் ஏர்டெல் அறிவித்ததைப் பாருங்கள். 6 ஜிபி இணையத்தோடு 84 நாளுக்கு 509 ரூபாயாக இருந்த திட்டத்திலிருந்து இணையத்தை எடுத்துவிட்டு 499. வருடத் திட்டம் 1,999இலிருந்து 1,959. இணையத்தை முழுக்க எடுத்ததற்குக் குறைந்தது பத்து ரூபாயும் நாற்பது ரூபாயும்! ஆணையம் புதிய விலைகளைப் பரிசீலிப்பதாகச் சொன்ன பிறகு அவை 469க்கும் 1,849க்கும் இறங்கின. பார்வை பட்டதுமே முப்பதும் நூற்றுப்பத்தும் இறங்கியது என்றால், விலையில் அவ்வளவு இடம் முதலிலேயே இருந்திருக்கிறது.

சரி, 1,849 ரூபாய் வருடத் திட்டம் 199ஐப் பதின்மூன்று முறை போடுவதைவிட 738 ரூபாய் மிச்சம். ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவரிடம் 1,849ஐ ஒரே தவணையில் கேட்கிறார்கள். வாடகை, வாரக்கடன், குழுக்கடன் எல்லாம் வாரத்தில் ஓடும் வீட்டில் வருடக் கணக்கு செல்லாது. மொத்தமாக வாங்க முடிந்தவருக்குச் சலுகை, சில்லறையாக வாங்குகிறவருக்குக் கூடுதல் விலை. மளிகைக் கடையில் எண்ணெயைப் பத்து ரூபாய்ப் பொட்டலமாக வாங்குகிறவர் லிட்டர் கணக்கில் அதிகம் கொடுப்பது போலத்தான். ஆனால் மளிகைக் கடையில் பொட்டலம் என்று ஒன்று இருக்கிறது. போனில் அதை எடுத்துவிட்டார்கள். ஆணையம் திட்டம் வேண்டும் என்றது, எத்தனை நாளுக்கு என்றோ என்ன விலை என்றோ சொல்லவில்லை.

பிரான்ஸ் இதற்கு வேறொரு வழியில் போனது. அங்கே மூன்று கம்பெனிகள் வசதியாக உட்கார்ந்திருந்த சந்தையில் அரசு நான்காவது உரிமத்தைக் கொடுத்தது. 2012 ஜனவரியில் ஃப்ரீ மொபைல் வந்தபோது அதற்குச் சொந்த டவர்கள் போதவில்லை. பெரிய கம்பெனியான ஆரஞ்சின் வலையமைப்பில் ஓடிக்கொண்டே தன்னுடையதைக் கட்டியது. மாதம் இரண்டு யூரோவுக்கு ஒரு திட்டம் போட்டது. மற்ற மூவரும் விலையை இறக்கினார்கள். அரசு ஒரு விலையையும் நிர்ணயிக்கவில்லை. நுழைய ஓர் ஆளுக்கு வாசலைத் திறந்து, உள்ளே வந்தவன் முதல் வருடமே சாகாமல் பார்த்துக்கொண்டது. இங்கே அப்படி ஒருவரை இப்போது கொண்டுவர முடியுமா என்றால், ஒன்றரை லட்சம் கோடி ஏலத்துக்குப் பிறகு யார் வருவார்? ஆக நம் நான்காவது ஆள் பிஎஸ்என்எல்தான். 2025 செப்டம்பரில் உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜியை அது தொடங்கியது. அது ஊருக்குள் ஒழுங்காக எடுத்தால், விலை ஒழுங்குமுறையில் பாதி வேலை தானாக நடக்கும்.

நீதிமன்றங்கள் ஆணையத்துக்கு எல்லாவற்றிலும் பச்சைக்கொடி காட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அழைப்பு பாதியில் அறுந்தால் ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு என்று 2015இல் ட்ராய் விதி போட்டது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கம்பெனியின் குற்றமா வேறு காரணமா என்று பார்க்காமல் எல்லா அறுப்புக்கும் அபராதம் போடுவது நியாயமில்லை என்றது. சரியான கேள்விதான். ஆணையம் விதி எழுதும்போது தன் கணக்கை வெளியே வைத்து எழுத வேண்டும் என்ற பாடம் அதில் உண்டு.

அப்படி எழுதக்கூடிய விதி ஒன்று இப்போது தேவைப்படுகிறது. எல்லா விலைகளையும் தொட வேண்டாம். தினமும் இரண்டு ஜிபி பார்க்கிறவரின் திட்டத்தில் கம்பெனிகள் மோதிக்கொள்ளட்டும். அடிமட்டத்தில் ஒரே ஒரு திட்டம்: ஏழு நாள், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும், வருடத் திட்டத்தின் ஒரு நாள் விலையைவிடக் கொஞ்சம்தான் கூட. 1,849ஐ 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். ஏழு நாளுக்கு முப்பத்தைந்தரை. கடைக்காரரின் கமிஷனையும் சேர்த்து நாற்பது என்று வைத்தாலும் கம்பெனிக்கு நட்டமில்லை, அது தானே அறிவித்த விலையிலிருந்து வந்த கணக்கு. இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம். ட்ராய் சட்டத்தின் 11(2) பிரிவு, தொலைத்தொடர்புச் சேவைகளின் கட்டணத்தை அரசிதழில் உத்தரவிட்டு நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.